கண்ணாடிக்குள் நிற்கும் குதிரையைக் கேளுங்கள், முகமூடியைக் கேட்காதீர்கள்

புதுச்சேரியில் கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் வீதிகளிலும் மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கமும் கைவினைக் கடைகளின் முகப்புக் கண்ணாடிக்குள் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான் நிற்கும். சிவப்புச் சுடுமண் குதிரை, காகிதக் கூழில் செய்த முகமூடி, இடுப்பை ஆட்டும் தஞ்சாவூர் நாட்டியப் பெண், வண்ணம் அலையோடிய கைத்தாள் நோட்டு, மூலையில் கறுத்துப்போன ஒரு நடராசர். வெளியூரிலிருந்து வருகிறவர் பார்வை முதலில் படுவது இவற்றின் மேல்தான். "அதையே எடுங்க" என்று கண்ணாடிக்குள் இருப்பதையே கை காட்டி வாங்கிப் போகிறவர்கள் பாதிப் பேர்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கூட்டத்தில் கொடுக்கிற காசுக்கு முழுதாக ஈடு தருவது வில்லியனூர் சுடுமண். அடுத்தது திருக்கனூர் காகிதக்கூழ் முகமூடி. நோட்டு பரவாயில்லை. உலோகச் சிலையைச் சரக்கு தெரியாமல் வாங்கக்கூடாது. இவற்றில் கண்ணாடிக்குள் பல மாதம் நின்ற உருப்படியையே நம்பி வாங்கக்கூடியது குதிரை ஒன்றைத்தான். மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளே பெட்டியில் இருக்கும் சரக்கைக் கேட்க வேண்டும்.

காரணம் வெயில். புதுச்சேரி வீதிகள் கட்டம் போட்ட மாதிரி இருப்பதால், எந்தக் கடைக்கு எப்போது வெயில் அடிக்கும் என்று கணக்குப் போடுவது சுலபம். மிஷன் வீதியில் கிழக்கு பார்த்த கடைக்குக் காலை வெயில், மேற்கு பார்த்த கடைக்குப் பிற்பகல் வெயில். இரண்டில் பிற்பகல் வெயில்தான் கொடியது. நேரு வீதியின் வடக்கு வரிசை தெற்கு பார்த்தது. ஐப்பசி தொடங்கி மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால், மழை விட்ட நாளெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் வெயில் நேராக இறங்கும். எதிர் வரிசைக்காரர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரி இருப்பது 12 பாகை வடக்கில். சித்திரை நடுவிலிருந்து ஆடிக் கடைசி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். அந்த மாதங்களில் வடக்கு பார்த்த கண்ணாடிக்கும் பங்கு உண்டு.

மூடிய கண்ணாடிக்குள் பகலில் சூடு ஏறிக் காகிதமும் பசையும் சுருங்கும். இரவில் கடல் ஈரம் இறங்கி உப்பும். இப்படித் தினமும் சுருங்கி உப்பி நடந்தால் ஒட்டுப் போட்ட இடம் விட்டுக்கொடுத்துத்தான் ஆகும். நிறத்தில் முதலில் போவது ரோஜாவும் கத்தரிப்பூ நிறமும். காவியும் செம்மண் நிறமும் அசையாது. பொம்மையைத் திருப்பி முதுகைப் பாருங்கள், கையைத் தூக்கி அக்குளைப் பாருங்கள். முன்பக்கப் புடவை வெளிர் ரோஜாவாகவும் அக்குளில் அடர்ந்த ரோஜாவாகவும் இருந்தால் அது வெகுநாள் வெயில் காய்ந்தது. "உள்ள இருக்கிறதும் அதே அச்சுதான் சார்" என்பார்கள். ஆமாம், அச்சு அதேதான். அதற்காகத்தான் உள்ளே இருப்பதைக் கேட்பது.

இனி குதிரைக்கு வருவோம். புதுச்சேரிக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் அளவில், சங்கராபரணி ஆற்றோரம் இருப்பது வில்லியனூர். அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கிருந்து வந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைக்காரர் "வில்லியனூர்" என்று சொல்வது விலை ஏற்றும் மந்திரமாகவும் ஆகிவிட்டதால், பெயரைக் கேட்டு மயங்காமல் உருப்படியைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

களிமண்ணை ஊறப்போட்டு, கல்லும் வேரும் போக்கி, நைஸ் மணல் கலந்து காலால் மிதிப்பார்கள். மிதிப்பது வெறும் கலப்பதற்கு அல்ல, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றத்தான். பெரிய குதிரைக்கு உடம்பும் காலும் தனித்தனிக் குழாயாக உருவாகும். கொஞ்சம் இறுகியதும் ஒட்டும் இடத்தைக் கீறி, சேற்றுக் குழம்பு தடவிச் சேர்ப்பார்கள். தலை, காது, சேணம், கழுத்துச் சலங்கை எல்லாம் கையால். சிறிய குதிரைகள் அச்சில் வரும், அதில் தவறு ஒன்றும் இல்லை. பிறகு நிழலில் உலர வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் காது சீக்கிரம் காயும், கழுத்து தாமதமாகக் காயும், இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். சூளையில் முதல் சில மணி நேரம் மெல்லிய தீ. மண்ணில் தங்கிய ஈரம் ஆவியாகி வெளியே போக வழி வேண்டும். அதனால்தான் உள்ளே கூடாக இருக்கும் எல்லா உருவத்திலும் எங்காவது ஒரு துளை இருக்கும். குதிரைக்கு வயிற்றடியிலோ வாலுக்குக் கீழோ இருக்கும். அதைக் குறை என்று நினைத்து "ஓட்டை இருக்கே" என்று விலை குறைக்கக் கேட்பவர்கள் உண்டு. உள்ளே கூடாக இருந்தும் துளை இல்லாத உருவம்தான் சூளையில் வெடிக்கும். தீ ஏறி 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை போய், பிறகு தானாக ஆற வேண்டும்.

கையில் எடுக்கும்போது வயிற்றைப் பிடித்து எடுங்கள், காதையோ காலையோ அல்ல. விரல் கணுவால் விலாவில் தட்டுங்கள். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும். "டப்" என்று மழுங்கினால் ஒன்று வேகாதது, இல்லை எங்கோ விரிசல். அடியில் கட்டைவிரலை அழுத்தித் தேயுங்கள். விரலில் செம்பொடி ஒட்டினால் வேக்காடு போதவில்லை. கால் உடம்பில் சேரும் நான்கு இடம், கழுத்து, காதடி ஆகியவற்றை வெளிச்சத்துக்கு நேரே காட்டிப் பார்க்க வேண்டும். உடம்பில் அங்கங்கே கருந்திட்டு இருந்தால் கவலை வேண்டாம். அது சூளையில் புகை பட்ட இடம்.

சிவப்புச் சாயம் பூசிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குதிரைகளும் சுடுமண் என்ற பெயரில் நிற்கும். தண்ணீர்ச் சொட்டு வைத்து, உறிஞ்சினால் மண் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது பாதிதான் சரி. பிளாஸ்டரும் தண்ணீர் குடிக்கும். சாவி முனையால் அடியில், கண்ணில் படாத இடத்தில், ஒரு சின்னக் கீறல். உள்ளே வெள்ளை தெரிந்தால் முடிந்தது கதை. மண் உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும், சில சமயம் நடுவில் சாம்பல் நிறம் ஓடும். கீற விடாத கடைக்காரரிடம் பில்லில் "சுடுமண்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் போகிற போக்கே பதில்.

இப்போது, கண்ணாடிக்குள் நிற்கும் குதிரையை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு வருவோம். நம் பக்கத்துக் களிமண்ணில் சுண்ணாம்புக்கல் துணுக்கு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சலிக்கும்போது தப்பிய ஒரு துணுக்கு, சூளைச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. நாள் போகப் போகக் காற்றின் ஈரம் அதில் இறங்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் எப்படிப் பொங்கும் என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அதேதான் குதிரையின் தோலுக்கு அடியிலும் நடக்கும். துணுக்கு பருத்து, மேல் மண்ணைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். பள்ளத்தின் நடுவே வெள்ளைப் புள்ளி. ரயிலேறிச் சென்னை போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்துக் குதிரையின் நெற்றியில் அரிசி அளவுக்குப் பள்ளம் விழுந்தால் காரணம் இதுதான். யாரும் இடிக்கவில்லை. விவரம் தெரிந்த குயவர்கள் சுட்ட உருப்படியைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்துவிடுவார்கள், சுண்ணாம்பு பொங்கித் தள்ளாமல் இளகிப் போகும்.

ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்ணாடிக்குள் நின்ற குதிரைக்குத் தெறிக்க வேண்டியது பெரும்பாலும் தெறித்து முடிந்திருக்கும். வெயிலும் அதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதன் சிவப்பு மண்ணிலிருக்கும் இரும்பின் சிவப்பு. தூசியைத் தட்டி, நெற்றி, கன்னம், முதுகு மூன்றிலும் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாராளமாக எடுக்கலாம். "டிஸ்ப்ளே பீஸ்தானே அண்ணே, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்று கேட்டால் பல இடங்களில் குறைப்பார்கள். அவர்களுக்கு அது பழைய சரக்கு, உங்களுக்கு அது சோதித்த சரக்கு.

வாங்கிய பிறகு வரும் தொல்லை உப்புப் பூப்பது. காதோரமும் குளம்போரமும் வெள்ளையாகப் பொடி படியும். மண்ணிலோ தண்ணீரிலோ இருந்த உப்பு ஈரத்தோடு மேலே வந்து காய்கிறது. துடைத்தால் போகும், மறுபடி வரும். நல்ல தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி, தினம் தண்ணீர் மாற்றி, மூன்று நான்கு நாள் வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். கடற்கரையோரம் வீடு இருந்தால் மொட்டைமாடியில் வைக்காதீர்கள். உப்பு இருக்கும்போதே மேலே வார்னிஷ் அடித்தால், அடியில் உப்பு தள்ளி வார்னிஷைத் தோல் தோலாக உரிக்கும். இதே காரணத்துக்காக, கடையிலேயே பளபளவென்று வார்னிஷ் அடித்த குதிரையை வாங்காமல் விடுவது உத்தமம். பளபளப்பு விரிசலையும் மறைக்கும். சுடுமண் விளக்கு வாங்கினால் ஏற்றுமுன் அரை நாள் தண்ணீரில் ஊற வைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே எண்ணெயைக் குடித்துவிட்டு வைத்த இடத்தில் வட்டக் கறை போடும்.

முகமூடி இதற்கு நேர் எதிர். புதுச்சேரியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழைய காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, இடித்து, பிழிந்து, சாக்பீஸ் தூளும் மரவள்ளி மாவுப் பசையும் சேர்த்துப் பிசைவார்கள். பூச்சி அண்டாமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். மரவள்ளி மாவு கரப்பானுக்கும் எறும்புக்கும் விருந்து என்பதால் அந்தத் துத்தத்தைக் கைவிட முடியாது. அது நஞ்சு என்பதால் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை கையில் இந்தப் பொம்மையைக் கொடுக்கவும் முடியாது. பிசைந்ததை அப்பளம்போல் தட்டி அச்சுக்குள் கட்டைவிரலால் அழுத்தி, காய வைத்துக் கழற்றுவார்கள். மேலே சாக்பீஸ் தூளும் பசையும் கலந்த பூச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தல், வெள்ளை அடித்தளம், பிறகுதான் வண்ணம்.

முழு உருவப் பொம்மை என்றால் முன்பாதி ஓர் அச்சு, பின்பாதி ஓர் அச்சு. இரண்டையும் சேர்த்து ஒட்டுப் போட வேண்டும். அந்த ஒட்டு காது வழியாகத் தோள் இறங்கி இடுப்புப் பக்கமாகப் போகும், பின்னாளில் திறப்பதும் அங்கேதான். முகமூடி ஒரே அச்சு, ஒட்டே கிடையாது. காகிதக்கூழில் முதன்முதலாக வாங்குகிறவர் முகமூடி வாங்குவது அதனால் புத்திசாலித்தனம். இன்னொரு வசதியும் உண்டு: முதுகு திறந்திருக்கும். திருப்பிப் பாருங்கள். உண்மையான கூழ் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, விரல் அழுத்திய குழிகளோடு இருக்கும். நன்றாக இடிபடாத இடத்தில் செய்தித்தாள் எழுத்து ஒன்றிரண்டு கூடத் தெரியும். அச்சு மாதிரி வழவழவென்று வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர். பளபளத்து, நூல் நூலாகக் கண்ணாடியிழை தெரிந்தால் ஃபைபர். முதுகிலும் கறுப்புப் பெயின்ட் அடித்து மூடியிருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எடையைப் பாருங்கள். உள்ளங்கை அகல முகமூடி தூக்கும்போது "இவ்வளவு லேசா" என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் கூழ் இல்லை.

மூக்கு நுனியும் கண்ணோரமும் பலவீனமான இடங்கள். கூழ் அங்கே மெல்லிசாகப் போயிருக்கும். பின்பக்கமிருந்து மூக்குக் குழியை விரலால் லேசாக அழுத்தினால் நெகிழக்கூடாது. வீட்டில் கார்த்திகை மாத ஈரம் இறங்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். ஈரத்துணி ஆகவே ஆகாது, காய்ந்த பிரஷ் போதும்.

நாட்டியப் பெண் பொம்மைக்கு வந்தால், பாவாடை, உடல், கை, தலை என்று நான்கு உருப்படி. ஒன்றுக்குள் ஒன்று கம்பியில் தொங்குவதால்தான் ஆட்டம். கடையில் ஆட்டிக் காட்டும்போது தலையை மட்டும் பார்க்காதீர்கள். இடுப்பைத் தொட்டுவிட்டு எண்ணுங்கள். சட்டென்று நின்றால் கம்பி உரசுகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் தொங்குபுள்ளி நடுவில் இல்லை. இதைப் பழுது பார்ப்பது வீட்டில் நடக்காத காரியம், வேறு எடுக்கச் சொல்லுங்கள். கடல்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தலையாட்டிப் பொம்மை வகை என்றால் நன்றாகச் சாய்த்து விடுங்கள். எழுந்து நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் அடியில் வைத்த களிமண் பாரம் நகர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்கில் வருவதும் சரியாக ஆடத்தான் செய்யும், அதற்காகத் தஞ்சாவூர் விலை கொடுக்க வேண்டாம்.

புரட்டாசி நெருங்கும்போது இதே கண்ணாடிகளுக்குள் கொலு பொம்மைகளும் ஏறும். பண்ருட்டியும் கடலூர் வண்டிப்பாளையமும் இந்த வேலைக்குப் பேர்போன ஊர்கள். கொலுவுக்கு வாங்குவதாக இருந்தால் நேரே அங்கே போவதுதான் லாபம். செட்டில் ஒன்று உடைந்திருந்தால் மாற்றித் தரும் வாய்ப்பும் அங்கேதான்.

நோட்டுப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959இல் தொடங்கியது, ஊரில் கைத்தாளுக்கு ஒரு தரம் இருப்பதற்கு அதுவும் காரணம். பருத்தித் துணி வெட்டுகளைக் கூழாக்கிச் செய்வது நல்ல தாள். அட்டையில் அலையலையாக ஓடும் வண்ணம், கெட்டிப்படுத்திய தண்ணீரின் மேல் சாயத்தை மிதக்கவிட்டு, சீப்பால் கோதி, தாளை மேலே படியவிட்டு எடுப்பது. ஒரு முறை எடுத்த உரு மறுமுறை வராது. ஆகவே ஒரே மாதிரி இரண்டு நோட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். சுழிக்குச் சுழி அப்படியே இருந்தால் அது அச்சகத்து வேலை. பேனாவில் எழுதுகிறவர்கள் கடைசிப் பக்க மூலையில் ஒரு கோடு போட்டுப் பார்க்கக் கேளுங்கள், மை பரவும் தாள் பார்க்கத்தான் அழகு.

நடராசர் விஷயத்தில் சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. சுவாமிமலை முறையில் மெழுகில் செதுக்கி, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்ப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான், எடுக்கும்போது அச்சு உடைந்துவிடும். கண்ணாடிக்குள் ஒரே பள்ளம், ஒரே மருவோடு மூன்று நடராசர் நின்றால் அது அந்த வேலை இல்லை, பித்தளையில் தொகையாக வார்த்து மருந்து போட்டுக் கறுக்க வைத்தது. அழகுக்கு வாங்கலாம், பித்தளை விலைக்கு வாங்கலாம். "ஆன்டிக் சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் மட்டும் விலகிவிடுங்கள். பொய்யாக இருந்தால் காசு நஷ்டம். உண்மையாக இருந்தால் இன்னும் மோசம், நூறு ஆண்டு பழைய சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. புதுச்சிலைக்கே விமான நிலையத்தில் கேள்வி வரும் என்பதால், செய்த ஊர், உலோகம், எடை எழுதிய பில் கையில் இருக்கட்டும்.

கடைகளைப் பற்றிப் பொதுவாக ஒரு குறை. எந்தப் பொருளை யார் எங்கே செய்தார் என்று எழுதி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இல்லை. ராஜஸ்தான் கைப்பை, சென்னபட்டணா மரச்சொப்பு, வில்லியனூர்க் குதிரை மூன்றும் "பாண்டிச்சேரி ஸ்பெஷல்" என்ற ஒரே அட்டையின் கீழ் நிற்கும். சென்னபட்டணாச் சொப்பு நல்ல பொருள்தான், அது வந்தது கர்நாடகத்திலிருந்து என்று சொன்னால் மரியாதை குறையாது. செய்பவர்களையே பார்க்க விரும்பினால் முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்துக்கு ஒரு நடை போகலாம், கடலூர் போகும் சாலையில்தான் இருக்கிறது.

கட்டித் தருவதில் அநேகமாக எல்லாக் கடையும் கோட்டை விடுகிறது. குதிரையை ஒரு சுற்று பபுள் ஷீட் சுற்றிப் பையில் போட்டுத் தருவார்கள். போதாது. கால்களுக்கு நடுவே வயிறு வரை கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். காதுகளுக்குத் தனியாகப் பஞ்சு வைத்துச் சுற்றுங்கள். பிறகு முழு உடம்புக்கும் பபுள் ஷீட், அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள், அந்தப் பெட்டியை இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு பெட்டிக்குள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. நாட்டியப் பெண்ணை நான்காகக் கழற்றி, கம்பி முனைகளில் தெர்மோகோல் துண்டு குத்தி வையுங்கள். முகமூடி எப்போதும் மேல் வரிசையில், மூக்கு மேலே பார்த்தபடி.

பஸ்ஸில் கடலூர்ப் பக்கம் போகிறவர்கள் பெட்டியை டேப் போட்டு இறுக்கி மூடாமல் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் செய்தித்தாள் சுற்றிய நான்கு குதிரைக்கால்கள் வெளியிலிருந்து தடவிப் பார்க்கும் போலீஸ்காரருக்கு நான்கு மது பாட்டில்களாகத்தான் தெரியும். பில்லை மேலேயே ஒட்டி வைத்திருந்தால் பிரிக்காமல் விட வாய்ப்பு உண்டு. பிரிக்கச் சொன்னால் நீங்களே பிரியுங்கள், அவர் முதலில் பிடித்து இழுப்பது காதாகத்தான் இருக்கும்.